சேலைக் கடை மெயிலுக்குத் திறக்க வைக்கும் சப்ஜெக்ட் லைன் எழுதுவது எப்படி?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிப் பக்கம் தறிக்காரர்களிடம் நேரடியாக வாங்கிக் கண்டாங்கிச் சேலைகளை இணையத்தில் விற்கிறீர்கள். முன்பு வாங்கியவர்கள், விலை விசாரித்தவர்கள் என்று 1,800 பேருடைய மெயில் முகவரி கையில் இருக்கிறது. மாதம் நான்கு மெயில் போகிறது. ஆரம்பத்தில் நூற்றுக்கு 30 பேர் திறந்தார்கள், இப்போது 18 பேர்தான். "திறக்க வைக்கிற மாதிரி பத்து சப்ஜெக்ட் லைன் எழுதித் தர முடியுமா? எந்தெந்த வார்த்தைகளைப் போட்டால் ஸ்பேமுக்குப் போகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக அனுப்பிய வரியையும் ஒட்டியிருக்கிறீர்கள்: "நமது கடையில் ஆடி மாதத்தை முன்னிட்டு அனைத்து வகைச் சேலைகளுக்கும் மெகா தள்ளுபடி!!! இன்றே கடைசி!!!"

பத்து வரி எழுதித் தருவது பெரிய வேலையில்லை. பதினோராவது மெயில் அனுப்பும் நாளில் நீங்கள் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். உங்கள் கேள்விக்குள் இருக்கும் நிஜக் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. ஒருமுறை வாங்கி, உடுத்தி, பிடித்துப்போனவர்கள்கூட ஏன் உங்கள் மெயிலைப் பார்த்தும் பார்க்காமல் கடந்து போகிறார்கள்? அதற்குப் பதில் தேடினால் வரிகள் தாமாக வரும். பதினான்கு வருடமாகக் கடைகளுக்கு மெயில் எழுதுவதுதான் என் பிழைப்பு. துணிக்கடை, புத்தகக் கடை, மளிகை, நகை என்று சில்லறை வியாபாரம்தான் பெரும்பாலும். ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்கும் மெயில்களில் எனக்குப் பழக்கம் குறைவு. நான் சொல்வதை வீட்டுக்கு வாங்கும் வாடிக்கையாளரை மனதில் வைத்து மட்டும் படியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நம் எல்லோருக்கும் சப்ஜெக்ட் லைன் எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பக் கடிதத்தில் "ஐயா" போட்டதும் அடுத்து என்ன வரும்? "பொருள்: தெருவிளக்கு பழுது – சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக." அதை வாசிக்கும் அலுவலகக்காரருக்குக் கடிதத்தைப் பிரிக்காமலே மூன்று விஷயம் தெரிந்துவிடும்: எதைப் பற்றியது, என்ன வேண்டும், தன் மேசைக்கு உரியதா இல்லையா. ஆங்கில மெயிலில் இருக்கும் சப்ஜெக்ட் என்பதும் அதே பொருள்தான். விளம்பரம் எழுத உட்கார்ந்ததும் இந்தப் பழக்கத்தை மறந்துவிட்டு மேளம் அடிக்க ஆரம்பித்துவிடுகிறோம். வாடிக்கையாளரும் அந்த அலுவலகக்காரர் மாதிரிதான். முன்னால் ஐம்பது கடிதம் கிடக்கிறது. தனக்குரியது எது என்று ஒரு விநாடியில் பிரிக்கிறார்.

உங்கள் ஆடி வரியை என் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்த்தேன். திரையில் தெரிந்தது "நமது கடையில் ஆடி மாதத்தை முன்…" அவ்வளவுதான். தள்ளுபடியும் இல்லை, சேலையும் இல்லை. இது தமிழில் எழுதுகிற எல்லோரும் விழும் குழி. ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும், சேதி பாதி வரியிலேயே போய்ச் சேர்ந்துவிடும். தமிழ் வாக்கியத்தில் இடம், காலம், காரணம் எல்லாம் முன்னால் வரிசையாக வந்து நிற்க, சொல்ல வந்த விஷயம் கடைசியில் வரும். பேச்சில் அது அழகு. 360 சொச்சம் பிக்சல் அகலமுள்ள திரையில் அந்தக் கடைசிதான் வெட்டுப்படுகிறது. அதுவும் நம் எழுத்துகள் அகலமானவை. "ண", "ணை", "கொ" எல்லாம் ஆங்கில எழுத்து ஒன்றைவிட எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பாருங்கள். ஆங்கிலக் கட்டுரைகளில் "நாற்பது எழுத்துக்குள் எழுதுங்கள்" என்று போட்டிருப்பதை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொண்டால் ஏமாந்துவிடுவீர்கள்.

ஆகவே தமிழில் சப்ஜெக்ட் லைன் எழுதும்போது முழு வாக்கியத்தை விட்டுவிடுங்கள். பெயர்ச்சொல்லை முதலில் வையுங்கள், வினையை உதிர்த்துவிடுங்கள். "நமது கடையில்" தேவையில்லை, அனுப்பியவர் பெயர் பக்கத்திலேயே இருக்கிறது. "முன்னிட்டு" தேவையில்லை. "அனைத்து வகை" என்றால் வாசிப்பவர் மனதில் ஒரு சேலைகூட வந்து நிற்காது. உங்கள் கடைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், அந்த வாரம் தறியிலிருந்து இறங்கிய அரக்கு நிற உடலில் மஞ்சள் கரை போட்ட சேலை ஒன்று இருந்தது. எண்ணிக்கை 40, விலை ரூ.1,450. அந்த மெயிலுக்கு நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "அரக்குக் கண்டாங்கி, மஞ்சள் கரை – 40 மட்டும்". இதில் முதல் இரண்டு வார்த்தை தெரிந்தாலே போதும், கண்டாங்கி பிடித்தவர் நின்றுவிடுவார். பிடிக்காதவர் கடந்து போவார், போகட்டும். எல்லோரையும் நிறுத்தப் பார்க்கும் வரி கடைசியில் யாரையும் நிறுத்துவதில்லை.

வரிக்கு அடுத்து, மங்கலான எழுத்தில் இன்னொரு துண்டு தெரியும். மெயில் மென்பொருள்களில் அதை ப்ரீஹெடர், ப்ரிவ்யூ டெக்ஸ்ட் என்று சொல்வார்கள். அதற்கென்று நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் மெயிலின் முதல் வரி அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் மெயிலில் வந்தது: "இந்த மெயில் சரியாகத் தெரியவில்லையா? பிரவுசரில் பார்க்க இங்கே அழுத்தவும்." கடை வாசலில் பெயர்ப்பலகைக்குக் கீழே "கதவு சில சமயம் திறக்காது" என்று எழுதி ஒட்டியது போல இருக்கிறது அது. அந்த இடத்தில் சப்ஜெக்ட் லைனில் இடமில்லாமல் விட்ட சேதியைப் போடுங்கள்: "ரூ.1,450, தபால் செலவு சேர்த்து. சனிக்கிழமை அனுப்பிவிடுவோம்." ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலும் எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் 2024 அக்டோபரில் வந்த ஐஓஎஸ் 18.1 முதல், புதிய ஐபோன்களில் ஆப்பிளே மெயிலைச் சுருக்கி அந்த இடத்தில் தன் வாசகத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. ஆங்கில மெயில் அனுப்புவோருக்கு இது இப்போதே பொருட்டு. அதனால் சப்ஜெக்ட் லைன் துணையில்லாமல் தனியே நின்றாலும் பொருள் தர வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் கண் போகும் இடம் அனுப்புநர் பெயர். புதிதாக மெயில் எழுத வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது 2012 அமெரிக்க அதிபர் தேர்தல் கதையைத்தான். ஒபாமா பிரசாரக் குழு இணையத்தில் திரட்டிய சுமார் 69 கோடி டாலரில் பெரும்பகுதி மெயில் வழியாக வந்தது. ஒவ்வொரு பெரிய மெயிலுக்கும் பதினெட்டு வடிவம்வரை எழுதி, சிறு குழுக்களுக்கு அனுப்பிப் பார்த்து, வென்றதைக் கோடிக்கணக்கானவர்களுக்கு அனுப்பினார்கள். அந்த ஜூன் மாதம் "எதிராளி என்னைவிட அதிகம் செலவழிப்பார்" என்ற பொருளில் போன ஒரு மெயில் மட்டும் 26 லட்சம் டாலருக்கு மேல் கொண்டுவந்தது. அதே மெயிலுக்குச் சோதித்த சப்ஜெக்ட் லைன்களில் கடைசியாக வந்ததை அனுப்பியிருந்தால் சுமார் 4 லட்சம்தான் வந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. வரி ஒன்றுக்கு இவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அந்தக் குழுவினரே எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்லப் பார்த்துத் தோற்றார்கள் என்பதும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான்.

அவர்களுடைய வெற்றிகரமான வரிகளில் ஒன்று வெறும் "ஹே" (Hey), நண்பரைக் கூப்பிடுவது போல. இதைப் படித்துவிட்டு நாலு கடைக்காரர்கள் என்னிடம் வந்து "நாமும் அப்படிப் போடலாமே" என்று கேட்டிருக்கிறார்கள். பராக் ஒபாமா என்ற பெயருக்குப் பக்கத்தில் "ஹே" என்று இருந்தால் திறப்பார்கள். முகம் தெரியாத கடைப் பெயருக்குப் பக்கத்தில் அதே சொல் இருந்தால் மோசடி என்று நினைப்பார்கள். வரி வேலை செய்தது பெயரின் தோளில் ஏறி நின்றதால். உங்கள் மெயிலில் அனுப்புநர் இடத்தில் "இன்ஃபோ" என்று இருக்கிறது. அதை இன்றைக்கே மாற்றுங்கள். உங்கள் பெயரும் கடைப் பெயரும் சேர்ந்து வரட்டும், பார்சலில் எழுதுகிற அதே பெயராக இருக்கட்டும். பதில் போட்டால் உங்களுக்கு வந்து சேரும் முகவரியாகவும் இருக்கட்டும். கேட்ட பத்து வரியைவிட இந்த ஒரு மாற்றம் அதிகம் உதவும் என்று நம்பிச் சொல்கிறேன்.

இப்போது அந்த "இன்றே கடைசி". இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சரிவுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சின்ன வயதில் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைச் சுவரொட்டியின் மேல் குறுக்காக "இன்றே கடைசி" என்று ஒரு துண்டுத் தாள் ஒட்டுவார்கள். அன்றைக்கு இரவு ஆட்டத்துக்குக் கூட்டம் முட்டும். மறுநாள் போனால் நிஜமாகவே வேறு படம் ஓடும். அந்த இரண்டு வார்த்தைக்கு மரியாதை அப்படி வந்தது. நீங்கள் கடந்த நான்கு மாத மெயில்களைப் பட்டியலிட்டிருக்கிறீர்கள். அதில் ஆறு மெயிலில் "கடைசி" இருக்கிறது, இரண்டில் மறுநாளே "நீட்டிக்கப்பட்டது" என்று இன்னொரு மெயில்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு துணிக்கடைக்கு எழுதிக்கொண்டிருந்தபோது முதலாளி கேட்டார் என்று மூன்று வாரம் தொடர்ந்து "நாளையோடு முடிகிறது" என்று எழுதினேன். முதல் வாரம் விற்பனை எகிறியது. மூன்றாவது வாரம் ஒரு அம்மா பதில் எழுதியிருந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியை: "முடிகிறது முடிகிறது என்று மூன்று முறை எழுதிவிட்டீர்கள். பேத்தி கல்யாணத்துக்கு எடுக்கலாம் என்று இருந்தேன். எதை நம்பி எடுப்பது?" திட்டவில்லை, சந்தேகத்தைத்தான் கேட்டார். அந்தத் தீபாவளிக்கு நிஜமாகவே இரண்டு நாள் மட்டும் விலை குறைத்தபோது யாரும் அசையவில்லை. திறக்காத மெயில் ஒவ்வொன்றும் அடுத்த மெயிலைத் திறக்காமல் இருக்கப் பழக்குகிறது. ஏமாந்து திறந்த மெயில் அதைவிட வேகமாகப் பழக்குகிறது. அந்த அம்மாவின் கடிதத்தை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன், வெகுநாள்.

நம்பிக்கைக்கு மேல் இதில் சட்டமும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வியாபாரத்தில் வாடிக்கையாளரை வளைக்கும் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்கின்றன. அதில் முதலாவதே போலி அவசரம்: இல்லாத தட்டுப்பாட்டை இருப்பதாகக் காட்டுவது, முடியாத சலுகையை முடிவதாகச் சொல்வது. அமெரிக்காவில் சப்ஜெக்ட் லைனில் ஏமாற்றக் கூடாது என்று 2003இல் இயற்றிய கேன்-ஸ்பேம் சட்டமே சொல்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் 1998 முதல் தனிச் சட்டம் உண்டு. சலுகை முடியும் நாள் பற்றி ஒரு துணிக்கடை நிறுவனம் அனுப்பிய வரிகள் தொடர்பான வழக்கில், சப்ஜெக்ட் லைனில் எந்தப் பொய்த் தகவல் இருந்தாலும் அந்தச் சட்டம் பாயும் என்று 2025 ஏப்ரலில் அம்மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மெயிலுக்கு 500 டாலர் என்பது அந்தத் தீர்ப்பின்போது அங்கே இருந்த இழப்பீடு. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் உங்களிடம் வாங்குகிறார்கள் என்று எழுதியிருந்ததால் இதைச் சொல்கிறேன். 40 சேலைதான் இருக்கிறது என்றால் 40 என்று எழுதுங்கள். விற்றுத் தீர்ந்ததும் "அரக்கு தீர்ந்தது, அடுத்தது ஐப்பசியில்" என்று ஒரு மெயில் போடுங்கள். அதில் விற்பனையே இருக்காது. ஆனால் அடுத்த முறை "40 மட்டும்" என்று எழுதும்போது அந்த எண்ணுக்கு எடை இருக்கும்.

ஆர்வத்தைக் கிளப்பும் வரிகளைப் பற்றியும் கேட்பார்கள். ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற அறிஞர் 1994இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு அடிப்படை: தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டாகும்போது ஆர்வம் பிறக்கிறது. இதில் முதல் பாதியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கொஞ்சமாவது தெரிந்திருந்தால்தான் மீதியைத் தெரிந்துகொள்ளத் தோன்றும். "உங்களுக்கு ஓர் ஆச்சரியம்!" என்பதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "கண்டாங்கியை முதல் முறை துவைக்கும் முன்" என்பதில் இருக்கிறது. சேலை வாங்கியவர் கையில் சேலை இருக்கிறது, துவைக்கப் போகிறார், சாயம் பற்றிய பயம் ஏற்கெனவே உண்டு. அந்த மெயிலைத் திறந்தால் துவைக்கும் முறை முழுதும் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே மறுபடி விளம்பரம் மட்டும் இருந்தால் கதை முடிந்தது.

பெயரைச் சேர்ப்பது பற்றி ஓரளவு உறுதியாகச் சொல்ல ஆதாரம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நவ்தீப் சாஹ்னி மற்ற இருவருடன் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், சப்ஜெக்ட் லைனில் பெறுபவர் பெயரைச் சேர்த்ததும் திறப்பு 9.05 சதவீதத்திலிருந்து 10.80 ஆனது. விலகியவர்கள் 1.2 சதவீதத்திலிருந்து 1.0 ஆகக் குறைந்தார்கள். ஆனால் அது ஆங்கில மெயில், முதற்பெயர் சொல்லி அழைப்பது இயல்பான இடம். நம்மிடம் மூன்று சிக்கல் இருக்கிறது. முதலாவது இனிஷியல். படிவத்தில் "முதற்பெயர்" என்ற கட்டத்தில் பாதிப் பேர் "எஸ்", "கே" என்று இனிஷியலையோ அப்பா பெயரையோ போட்டிருப்பார்கள். "வணக்கம் எஸ்" என்று போன மெயில்களை நான் பார்த்திருக்கிறேன். சிலரை இறந்துபோன அப்பாவின் பெயரால் அழைத்திருக்கிறது மென்பொருள். இரண்டாவது வேற்றுமை உருபு. பெயருக்குப் பின்னால் "க்கு" என்று ஒட்டினால் "ராணிக்கு" சரியாக வரும், "முருகன்க்கு" என்று வந்து பல்லில் கல் கடிபடும். "கலாவுக்கு", "முருகனுக்கு", "ராஜேஷுக்கு" என்று ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாக வளையும், மென்பொருளுக்கு அது தெரியாது. மூன்றாவது மரியாதை. அறுபது வயதுக்காரரைப் பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிட நமக்கு வாய் வராது, எழுத்தில் வந்தாலும் உறுத்தும். உங்கள் பட்டியலில் வயதானவர்கள் அதிகம் என்றால் பெயரை விடுங்கள். பெயருக்குப் பதில் அவர் முன்பு வாங்கியதைச் சொல்லுங்கள். கறுப்புக் கட்டம் போட்ட சேலை வாங்கியவர்களுக்கு மட்டும் "கறுப்புக் கட்டத்துக்கு ஜோடியாக ஒரு அரக்கு" என்று அனுப்பினால், பெயர் சொல்லாமலே அவரை ஞாபகம் வைத்திருப்பது தெரிந்துவிடும்.

ஸ்பேம் வார்த்தைப் பட்டியல் விஷயத்தில் மனதை லேசாக்கிக்கொள்ளுங்கள். "இலவசம்", "தள்ளுபடி" என்று எழுதியதற்காக மட்டும் ஜிமெயில் உங்களைத் தள்ளிவைக்காது. அனுப்பும் முகவரியின் பழைய நடத்தையைத்தான் அது முக்கியமாகப் பார்க்கிறது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கியிருக்கின்றன. நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் நிஜமாகவே உங்கள் முகவரியிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகள்) மூன்றும் அமைக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வசதியும் தர வேண்டும். சிறிய அனுப்புநர்களுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: "ஸ்பேம்" என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது, 0.1க்குள் இருந்தால் நல்லது. உங்கள் 1,800 பேரும் ஜிமெயிலில் இருப்பதாக வைத்துக்கொண்டால் 0.3 சதவீதம் என்பது ஏறக்குறைய ஐந்தரைப் பேர். ஆறு பேர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினால் போதும். அவர்களை அழுத்த வைப்பது ஆச்சரியக்குறிகளும், "ரீ:" என்று ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது போல நடிக்கும் வரிகளும், விலகும் இணைப்பை ஒளித்துவைப்பதும்தான். 2013 முதல் ஜிமெயிலில் இருக்கும் ப்ரமோஷன்ஸ் தாவலுக்குப் போவது வேறு விஷயம், ஸ்பேம் இல்லை. விளம்பர மெயிலுக்கு அதுதான் இடம். வாங்கும் எண்ணத்தோடு அங்கே வந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ் எழுத்துக்கே உரிய ஒரு நுட்பச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மெயிலின் தலைப்புப் பகுதி ஆங்கில எழுத்துக்காக உருவானது. தமிழ் அதற்குள் உருமாறித்தான் போகிறது. "தள்ளுபடி" நம் கணக்கில் ஐந்து எழுத்து. கணினி எழுத்துகளை எண்ணும் யூனிகோடில் எட்டுக் குறி, அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட் இடம். நீளமான தமிழ் வரியை மென்பொருள் துண்டு துண்டாகக் குறியேற்றம் செய்யும். மலிவான கருவிகள் அந்த வெட்டை ஓர் எழுத்தின் நடுவில் போட்டுவிட்டால், போய்ச் சேரும்போது கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகத் தெரியும். வரி சிறியதாக இருந்தால் இந்த ஆபத்தும் குறையும். ஒவ்வொரு மெயிலையும் அனுப்பும் முன் ஒரு பழைய ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன், ஒரு கணினி என்று மூன்றிலும் பார்த்துவிடுங்கள்.

இனி அளவிடுவது. 30 என்றும் 18 என்றும் சொன்னீர்களே, அந்த எண்களை நான் அப்படியே நம்பமாட்டேன். மெயிலுக்குள் ஒளித்துவைத்த ஒரு சின்னப் படம் இறங்கினால் "திறந்தார்" என்று மென்பொருள் கணக்கு வைக்கிறது. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு எல்லாப் படங்களையும் ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. மெயிலைத் தொடாதவரும் திறந்தவராகப் பதிவாகிறார். அதனால் திறப்பு வீதத்தை ஒரு வாசனை போல வைத்துக்கொள்ளுங்கள், தராசாக வேண்டாம். இணைப்பை அழுத்தியவர்கள், பதில் எழுதியவர்கள், வாங்கியவர்கள், விலகியவர்கள் என்ற நான்கையும் நோட்டில் எழுதி வாருங்கள்.

இரண்டு வரி எழுதிப் பாதிப் பாதிப் பேருக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்வார்கள். நல்ல முறைதான், ஆனால் உங்கள் பட்டியலுக்கு அது சின்ன விஷயங்களைச் சொல்லாது. கணக்கைப் பாருங்கள். திறப்பு 20 சதவீதத்திலிருந்து 22 ஆக உயர்ந்ததை நம்பகமாகக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பாதிக்கும் சுமார் 6,500 பேர் வேண்டும். 20லிருந்து 25 ஆனால் சுமார் 1,100 பேர். உங்களிடம் பாதிக்கு 900 பேர்தான். ஒரே வரியை இரண்டு பாதிக்கும் அனுப்பினால்கூட ஒரு பக்கம் 180, இன்னொரு பக்கம் 205 என்று வரலாம், வெறும் தற்செயலாக. அந்த 25 பேரைப் பார்த்து "எமோஜி ஜெயித்தது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்களைப் போன்ற கடைக்கு வேலை செய்யும் வழி, ஒரே கேள்வியைப் பல மெயிலில் திரும்பத் திரும்பக் கேட்பது. "சேலையின் பெயர் முதலில்" என்ற வகை ஒரு பாதிக்கு, "தள்ளுபடி முதலில்" என்ற வகை மறுபாதிக்கு, யார் எந்தப் பாதி என்பதை ஒவ்வொரு முறையும் குலுக்கிப்போட்டு, எட்டு மெயில் அனுப்பிவிட்டு அழுத்தியவர்களையும் வாங்கியவர்களையும் மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். இரண்டு மாதத்தில் ஓரளவுக்குத் திசை தெரியும்.

உறுதியில்லாதவற்றையும் தனியே சொல்கிறேன். எமோஜி சில கடைகளுக்கு உதவியதையும் சில கடைகளைக் கொச்சையாக்கியதையும் பார்த்திருக்கிறேன். கைத்தறிக்கு நான் போடமாட்டேன், ஆனால் இது ரசனை சார்ந்தது. எந்த நாள், எந்த நேரம் என்பதில் பொதுவிதி சொல்பவர்களை நான் நம்புவதில்லை. தமிழா, ஆங்கிலமா, ஆங்கில எழுத்தில் தமிழா என்பதிலும் ஒரே பதில் கிடையாது. ஆங்கில மெயில்களுக்கு நடுவே தமிழ் வரி கண்ணில் படும் என்பது என் அனுபவம், ஆனால் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராமல் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் உங்களிடம் எந்த எழுத்தில் விசாரிக்கிறார்களோ அதே எழுத்தில் அவர்களுக்கு அனுப்புங்கள். வென்ற வரியும் நிரந்தரம் இல்லை. ஒபாமா குழுவிலும் புதுமையால் வென்ற உத்திகள் சில வாரத்தில் மங்கிப்போயின.

கேட்டதற்காக நான்கு வரி எழுதித் தருகிறேன், உங்கள் கடையில் நிஜமாக இருப்பதை வைத்து. புதுச் சரக்குக்கு: "அரக்குக் கண்டாங்கி, மஞ்சள் கரை – 40 மட்டும்". நிஜத் தள்ளுபடிக்கு: "ரூ.300 குறைவு: பழைய இருப்புக் கண்டாங்கி, ஞாயிறு வரை". வாங்கியவர்களுக்கு: "கண்டாங்கியை முதல் முறை துவைக்கும் முன்". நான்காவது, கடந்த ஆறு மாதமாக எதையும் அழுத்தாதவர்களுக்கு. உங்கள் 1,800இல் அவர்கள்தான் பெரிய பகுதியாக இருப்பார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு மெயில்: "சேலை மெயில்கள் இன்னும் வேண்டுமா?" உள்ளே இரண்டே இணைப்பு, ஒன்று "வேண்டும்", இன்னொன்று "வேண்டாம்". படம் வேண்டாம், விலை வேண்டாம். பத்து நாள் பொறுத்துப் பாருங்கள். வேண்டும் என்றவர்களை வைத்துக்கொண்டு, வேண்டாம் என்றவர்களையும் பதிலே சொல்லாதவர்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டியல் பாதியாகச் சுருங்கினால் பயப்பட வேண்டாம். ஆவணிக்குள் இதை முடித்துவிட்டால் தீபாவளிச் சேலை மெயில் போகும்போது எதிரில் இருப்பவர்கள் கேட்க விரும்பியவர்களாக இருப்பார்கள்.